எழுதும்போதே பற்றவைக்கிறேன், டாக்டர்

கடிதச் சுருக்கம்

44 வயதான வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். 20 வயதில் தொடங்கிய புகைப்பழக்கம், நாளொன்றுக்கு 15 சிகரெட் வரை வந்து நின்றிருக்கிறது. இதுவரை 3 முறை விட்டிருக்கிறார். 3 முறையும் மனக்கசப்பான ஏதோ ஒரு மாலையில் மறுபடி தொட்டுவிட்டார். 14 மாதங்களுக்கு முன் இவருடைய அண்ணன் நுரையீரல் நோயால் இறந்துபோனார். சொத்துத் தகராறில் அதற்கு முந்தைய 6 ஆண்டுகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இறப்புக்குப் பிறகு புகைப்பது கூடியதால் மருத்துவரைப் பார்த்து நிகோடின் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப்பட்டை) ஒட்டத் தொடங்கினார். இரவில் தெளிவான, கலங்கடிக்கும் கனவுகள் வந்தன. சிலவற்றில் அண்ணன் வந்தார். ‘ஒரு போதையை விடுவதற்கு இன்னொரு போதையா’ என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, 10 நாளில் பேட்சை நிறுத்திவிட்டார்.

மனத்தில் கிடப்பதை எல்லாம் எழுதித் தீர்த்தால் புகைப்பழக்கம் தானாக விட்டுப்போகும் என்று எங்கோ படித்துவிட்டு, கடந்த 3 வாரங்களாகத் தினமும் படுக்கைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் எழுதுகிறார். 15 சிகரெட் 8 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 8இல் மூன்று, எழுதும் நேரத்திலேயே போகின்றன. வலது கையில் பேனா, இடது கையில் சிகரெட். நோட்டின் ஓரங்களில் சாம்பல் கறை. எழுதி முடித்ததும் மனம் லேசாவதற்குப் பதில் கனத்துப்போகிறது. நோட்டைக் காட்டச் சொல்லி மனைவி கேட்கிறார். ‘நான் எழுதுகிற முறை தவறா? எழுத்து மட்டும் போதாதா? நோட்டை மனைவியிடம் காட்ட வேண்டுமா?’ என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று வாரம் விடாமல் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைத் தாளில் எழுதுவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். அந்த உழைப்பு வீணாகிவிடவில்லை. அது போகும் திசையைத்தான் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு முன் நீங்கள் உண்மை என்று எடுத்துக்கொண்ட சிலவற்றைச் சரிபார்த்துவிடுவோம்.

எழுத்து எவ்வளவு தூரம் உதவும்?

மனத்தை அழுத்தும் அனுபவத்தை எழுதுவது உடலுக்கும் நல்லது என்ற கருத்துக்கு ஆய்வு அடிப்படை உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் இணைந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களைப் பாதித்த நிகழ்ச்சியையும் அது கிளப்பிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், பிந்தைய மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை சற்று மோசமாக இருந்தது, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஆகவே எழுதியதும் மனம் கனக்கிறது என்று நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து, முறை தவறு என்று முடிவுகட்ட மாட்டேன். அது எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் அவர்கள் எழுதியது 4 நாள். நீங்கள் 21 நாள் எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு நாளும் நான்கு மடங்கு நேரம். இந்த வேறுபாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பலன் எவ்வளவு என்பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த மதிப்பீடு, இந்த எழுத்துப் பயிற்சியின் பலன் உண்மையானது, ஆனால் சிறியது என்றே காட்டியது. புகைப்பவர்களை நேரடியாக எடுத்துக்கொண்ட ஆய்வும் இருக்கிறது. 18 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களிடம் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட அந்த ஆய்வில், சுருக்கமான ஆலோசனையோடு எழுத்துப் பயிற்சியும் பெற்றவர்களில், ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலானோர் 8ஆம் வார முடிவில் புகையை விட்டிருந்தார்கள். 24ஆம் வாரத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இதை உங்களைத் தளர்த்துவதற்காகச் சொல்லவில்லை. விடுவதற்கான முதல் சில வாரங்கள்தான் மிகக் கடினமானவை. அந்தக் காலத்தில் தாங்கிப் பிடிக்கும் துணையாக எழுத்து இருக்க முடியும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள். முழுச் சிகிச்சையின் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றினால் எழுத்து தோற்கும். பிறகு நீங்கள் உங்களையே தோற்றவராக எண்ணிக்கொள்வீர்கள்.

பேட்சை நிறுத்தியது பற்றி

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தப் பகுதிதான். சிகரெட் புகையில் வரும் நிகோடின் சில விநாடிகளில் மூளையைச் சென்று சேர்கிறது. அந்த வேகம்தான் பழக்கத்தை இவ்வளவு ஆழமாக வேரூன்ற வைக்கிறது. பேட்ச் அதே நிகோடினைத் தோல் வழியாகப் பல மணி நேரத்தில் மெல்ல மெல்லத் தருகிறது. புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் இல்லை. அளவைப் படிப்படியாகக் குறைத்து, பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களில் அதையும் நிறுத்திவிடலாம். இதை இன்னொரு போதை என்று சொல்வது நியாயமில்லை. 24 ஆண்டுகளாக ஒன்றையே எதிர்பார்த்துப் பழகிய மூளைக்கு இறங்கி வருவதற்கான அவகாசம் தருகிறோம், அவ்வளவுதான்.

கனவுகள் உண்மையானவை, நீங்கள் கற்பனை செய்யவில்லை. இரவு முழுவதும் பேட்ச் ஒட்டியிருக்கும்போது சிலருக்கு மிகத் தெளிவான கனவுகளும் தூக்கக் குலைவும் வருகின்றன. இது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. படுக்கும் முன் பேட்சைக் கழற்றிவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டிக்கொள்வது இதற்கு வழக்கமான தீர்வு. அண்ணன் கனவில் வந்ததற்குத் துயரம் காரணமாக இருக்கலாம். அந்தக் கனவு அவ்வளவு பளிச்சென்று இருந்ததில் நிகோடினுக்கும் பங்கு இருந்திருக்கலாம். பேட்ச் உங்களுக்கு ஒத்துவரவே இல்லையென்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பேட்ச் போன்ற நிகோடின் மாற்று மருந்துகளோடு வரெனிக்ளின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய மாத்திரைகளையும் பரிந்துரைக்கிறது. இவற்றோடு ஆலோசனையும் சேர வேண்டும் என்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் உடல்நிலையும் மற்ற மருந்துகளும் தெரிந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

15லிருந்து 8 ஆனது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடலாம் என்று தோன்றினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், 20 புகைப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு கண்டது. இதயத்தைப் பொறுத்தவரை எட்டு என்பது பாதுகாப்பான எண்ணிக்கை இல்லை.

‘புகைத்தால் மனம் அடங்குகிறது’

இதைக் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உணர்வது பொய்யில்லை, ஆனால் காரணம் வேறு. இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அது குறையக் குறையப் பதற்றமும் எரிச்சலும் வருகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கிறது. சிகரெட்டே உண்டாக்கிய பதற்றத்தைச் சிகரெட் தணிப்பதை, வாழ்க்கை தந்த பதற்றம் தணிந்ததாக மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பீட்டில், புகையை விட்டவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட மனப்பதற்றமும் சோர்வும் அழுத்தமும் குறைந்திருந்தன.

இன்னொன்று. எழுதும்போது காபி கூடிவிட்டது என்கிறீர்கள். புகை, உடலில் காஃபீன் சிதையும் வேகத்தைக் கூட்டுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் அதே அளவு காபி இரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். வரும் படபடப்பை ‘சிகரெட் இல்லாததால்’ என்று நினைத்துக்கொண்டு கை பாக்கெட்டைத் தேடும். விடும் நாளிலிருந்தாவது காபியைப் பாதியாக்குங்கள்.

இந்த மூன்று வாரத்தில் நடந்தது

இனி எழுத்துக்கு வருவோம். எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது எளிது: பேனாவும் சிகரெட்டும் ஒன்றோடொன்று பழகிவிட்டன. காலை காபியோடு ஒரு சிகரெட், போன் பேசி முடித்ததும் ஒரு சிகரெட் என்று உங்கள் நாளில் ஏற்கெனவே பல இணைப்புகள் இருக்கின்றன. மூன்று வாரத்தில் நோட்டைத் திறப்பதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இப்போது நோட்டைப் பார்த்தாலே உந்துதல் வரும். அதனால் அந்த நோட்டை ஒதுக்கி வையுங்கள். புது நோட்டு, வேறு நாற்காலி, வேறு நேரம். எழுதும் இடத்தில் தீப்பெட்டியோ லைட்டரோ ஆஷ்ட்ரேயோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. இனி நீங்கள் எழுதப்போவது 15 நிமிடம்தான் என்பதால் அந்த நேரத்துக்குச் சிகரெட் இல்லாமல் இருக்க உங்களால் முடியும்.

இரண்டாவது சற்று நுட்பமானது. ஒவ்வொரு இரவும் என்ன எழுதினீர்கள் என்று நீங்களே விவரித்திருக்கிறீர்கள்: அண்ணன் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், சொல்லாமல் விட்ட பதில் என்ன, யார் பக்கம் நியாயம். 21 நாளும் அதே வழக்கு, அதே சாட்சிகள். உணர்ச்சியை எழுதுவதும் ஒரே காயத்தைக் கிளறிக்கொண்டே இருப்பதும் வெளித்தோற்றத்துக்கு ஒன்றுபோல இருக்கும். எழுத்து உதவுகிறதா என்பதை அதன் போக்கை வைத்து அறியலாம். பலன் பெற்றவர்களின் பக்கங்களைப் பென்னிபேக்கர் ஆராய்ந்தபோது, நாளாக நாளாக ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற காரணமும் தெளிவும் காட்டும் சொற்கள் அவற்றில் கூடியிருந்தன. ‘நான்’ என்பதிலிருந்து மற்றவர் பக்கத்துக்கும் போய்த் திரும்பியவர்களும் பலன் பெற்றார்கள். நகராத எழுத்து கெடுதலும் செய்யலாம். மணவாழ்க்கையிலிருந்து பிரிந்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடும் இயல்புள்ளவர்கள் தம் உணர்ச்சிகளை எழுதியபோது, சாதாரணமான அன்றாட விஷயங்களை எழுதியவர்களைவிட மெதுவாகத் தேறினார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. தகராறை இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், அடைப்புக்குறிக்குள் அரை வாக்கியத்தில், முதல் சிகரெட்டை உங்கள் கையில் கொடுத்தவர் அண்ணன்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். அதைப் பற்றி நோட்டில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஒரு கடிதத்தை வைத்து ஒருவர் மனத்தைப் படித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்கும் அவருக்கும் இடையே சண்டை இல்லாத காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. அவரைக் கொண்டுபோனதும் நுரையீரல் நோய்தான். சிகரெட்டை விடுவது அவரோடு எஞ்சியிருக்கும் ஏதோ ஒன்றை விடுவதுபோல உள்ளுக்குள் இருக்கிறதா? இருந்தால், எழுத வேண்டியது அதைப் பற்றித்தான். சொத்து வழக்கைத் தாளில் எத்தனை முறை விசாரித்தாலும் அதற்குத் தீர்ப்பு வராது.

இனி எழுதும் முறை

முதலில், விடும் தேதியை மருத்துவரோடு சேர்ந்து குறியுங்கள். அதற்கு முந்தைய வாரத்தில் 4 நாள் மட்டும் எழுதுங்கள். நாளுக்கு 15 நிமிடம், அதிகம் போனால் 20. அலாரம் அடித்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் பேனாவை மூடிவிடுங்கள். படுக்கைக்கு முன் வேண்டாம். எழுதிய பிறகு அரை மணி நேரமாவது நடக்கவோ குளிக்கவோ வேறு வேலை பார்க்கவோ அவகாசம் உள்ள நேரமாக இருக்கட்டும். எழுதியபின் மனம் சற்றுக் கலங்கும் என்பது முன்பே தெரிந்த செய்தி என்பதால், அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் மூன்று தோல்விகளும் நடந்தது அப்படிப்பட்ட நேரங்களில்தான்.

முதல் நாள், அந்த முதல் சிகரெட்டின் நாளை எழுதுங்கள்: எங்கே நின்றீர்கள், அவர் என்ன சொன்னார், உங்களுக்கு எப்படி இருந்தது. இரண்டாம் நாள், பேசாதிருந்த ஆண்டுகளில் நீங்கள் இழந்ததை எழுதுங்கள். யார் குற்றம் என்ற விசாரணை வேண்டாம். மூன்றாம் நாள், அதே காலத்தை அண்ணன் பக்கம் நின்று, அவர் சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். இது கடினம். எழுத எழுதத் தாங்க முடியவில்லை என்று தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்தி வேறொன்றை எழுதுங்கள். உங்களை வதைத்துக்கொள்வது இந்தப் பயிற்சியின் நோக்கம் கிடையாது. நான்காம் நாள், புகைக்காத உங்கள் மாலைப்பொழுது எப்படி இருக்கும் என்பதை, அதில் வரப்போகும் சிரமங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை, கையெழுத்து எதையும் பார்க்க வேண்டாம். எழுதியதை அன்றே திரும்பப் படிக்கவும் வேண்டாம்.

விட்ட பிறகு வரும் முதல் சில நாட்களில் பழைய துக்கத்தைத் தோண்ட வேண்டாம். உடல் தவிப்பு உச்சத்தில் இருக்கும் காலம் அது. பெரும்பாலானோருக்கு அது 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். அப்போது தேவைப்படுவது வேறு வகை எழுத்து: சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு நோட்டு. உந்துதல் வந்ததும் நேரம், சற்று முன் நடந்தது, உடம்பில் எங்கே தெரிகிறது, பத்துக்கு எத்தனை என்று ஒரே வரி. உதாரணமாக, ‘இரவு 9.40. அலுவலக போன். பதில் சொல்ல முடியவில்லை. தாடை இறுகியிருக்கிறது. 7.’ சில நிமிடம் கழித்து, ‘9.46. தாடை தளர்ந்தது. 4.’ உந்துதல் ஏறி, நின்று, நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கும் என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பதற்கு இணையான பாடத்தை என்னால் தர முடியாது. ஒரு வாரம் கழித்து அந்த வரிகளைப் படித்தால், எந்த நேரம், எந்த மனிதர், எந்த உணர்ச்சி உங்களைச் சிகரெட்டிடம் கொண்டுபோகிறது என்பதும் தெரிந்துவிடும். அதற்கேற்ப ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

எழுதுவதை விட்டு உடனே உதவி தேட வேண்டிய நிலை

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தூக்கமின்மையோ எதிலும் பிடிப்பின்மையோ 2 வாரத்துக்கு மேல் நீடித்தாலும், சிகரெட்டின் இடத்தில் மது நுழையத் தொடங்கினாலும், நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். முதல் நிலையில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அண்ணன் மறைந்து ஓராண்டு கடந்துவிட்டது. பெரும்பாலான நாட்களில் அந்த ஏக்கம் உங்களை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்றால், துயரத்துக்கென்றே முறையான உளவியல் சிகிச்சை இருக்கிறது. அதை நாடுவது எழுத்து தோற்றதன் அடையாளம் ஆகாது.

நோட்டு யாருக்கு?

உங்களுக்கு மட்டும். யாரோ படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே நல்ல பிள்ளையாக எழுதத் தொடங்கிவிடும்; அந்த எழுத்தால் பயனில்லை. எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டாலும் பலன் போய்விடாது. ஆனால் உங்கள் மனைவி கேட்பதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு புகைத்தபடி எழுதி, முகம் வாடி வெளியே வரும் கணவரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ‘அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். படிக்கத் தர முடியாது. ஆனால் இது என்ன பயிற்சி, எத்தனை நாள் என்பதைச் சொல்கிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சட்டைப்பைக் குறிப்புகளை வேண்டுமானால் அவரோடு பகிர்ந்துகொள்ளலாம். இரவு 9.40க்கு நீங்கள் ஏன் எரிந்துவிழுகிறீர்கள் என்பது அவருக்கும் புரியும்; அந்த நேரத்தில் என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். பேட்சை நிறுத்தியதையும், கனவுகளையும், அண்ணன் இறந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு அவரைப் பார்த்தபோது அண்ணனைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். புகையை விடும்போது சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.